கிளஸ்டர் ஓடுகிறது, கோப்பு திறக்கவில்லை: இரட்டைச் சர்வர் என்எஃப்எஸ் பகிர்வில் அறிகுறி வழியே கோளாறு காணுதல்

இந்த வழிமுறை எடுத்துக்கொள்ளும் அமைப்பு, திருப்பூர்ப் பக்கத்து நடுத்தர ஏற்றுமதி ஆலை ஒன்றின் சர்வர் அறைக்குப் பொருந்துவது. ஒரு கோப்புப் பகிர்வை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்பு பகிரும் நெறிமுறை) மூலம் தர, நொய்யல், பவானி என்று பெயரிட்ட இரண்டு லினக்ஸ் சர்வர்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து இயங்கும் தொகுப்புதான் கிளஸ்டர், அதில் ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு. இரண்டிலும் உள்ள வட்டுகளை டிஆர்பிடி என்ற மென்பொருள் நெட்வொர்க் வழியே ஒரே நிலையில் வைத்திருக்கிறது. இரு நோடுகளும் உயிரோடு இருப்பதை ஒன்றுக்கொன்று தெரிவிக்கும் வேலையைக் கோரோசிங்க் செய்கிறது. எது எந்த நோடில் ஓட வேண்டும் என்பதைப் பேஸ்மேக்கர் முடிவு செய்கிறது. ஈஆர்பி (ஆலை நிர்வாக மென்பொருள்) சர்வரும் லேபிள் அச்சிடும் கணினிகளும், பகிர்வைத் தரும் நோடோடு சேர்ந்து இடம் மாறும் ஒரு மெய்நிகர் ஐபி வழியே பகிர்வை மவுன்ட் செய்திருக்கின்றன, அதாவது தம் சொந்த அடைவுபோல இணைத்திருக்கின்றன. எந்த நேரத்திலும் ஒரு நோடுதான் பகிர்வைத் தருகிறது, மற்றது காத்திருக்கிறது.

கோளாறு என்று அழைப்பு வந்தவுடன் சேவையை மீண்டும் தொடங்குவதுதான் பலரின் முதல் வேலையாக இருக்கிறது. இந்த அமைப்பில் அது ஆபத்தானது, ஏனென்றால் கிளஸ்டர் எதற்காகவோ காத்திருக்கும்போது அதைக் கையால் முந்திக்கொண்டால் தரவு இரண்டாகப் பிரியும் வாய்ப்பு உண்டு. வட்டு இப்போது யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை தெரியும் வரை எதையும் தொடக் கூடாது. இரு நோடுகளிலும் தனித்தனியாக ‘பிசிஎஸ் ஸ்டேட்டஸ்’, ‘டிஆர்பிடிஅட்மின் ஸ்டேட்டஸ்’ ஆகிய இரு கட்டளைகளை இட்டு, விடைகளை அப்படியே ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ள வேண்டும். இரு நோடுகளும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

வளங்கள், அதாவது பேஸ்மேக்கர் தொடங்கி நிறுத்தும் வட்டு, சேவை, முகவரி போன்றவை, எழும் வரிசையையும் நினைவில் வைக்க வேண்டும். டிஆர்பிடி முதன்மை நிலைக்கு (எழுத அனுமதி உள்ள நிலைக்கு) உயர்ந்த பிறகு கோப்பு முறைமை மவுன்ட் ஆகும். அதன்மேல் என்எஃப்எஸ் சர்வர், பிறகு எக்ஸ்போர்ட் (பகிர்வை வெளியே தருவது), எல்லாவற்றுக்கும் பின்னால் மெய்நிகர் ஐபி. இறங்கும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும். கீழே வரும் கோளாறுகளில் பல இந்த வரிசை பிசகியதால் வருபவை.

அறிகுறி: பயனரின் திரை உறைந்து நிற்கிறது, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை

பேக்கிங் பிரிவிலிருந்து அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “ஏனுங்க தம்பி, லேபிள் பிரின்ட்டே வரமாட்டேங்குதுங்க. தூத்துக்குடி வண்டி வெளியே நிக்குதுங்க.” பிழைச் செய்தி வராமல் உறைந்திருப்பது உண்மையில் நல்ல அறிகுறி. பகிர்வு ‘ஹார்டு’ முறையில் மவுன்ட் ஆகியிருக்கிறது, சர்வர் திரும்பும் வரை எழுத வேண்டியதைக் கணினி கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அந்தக் கணினியின் கெர்னல் பதிவேட்டில் ‘நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்’ என்ற வரி இருக்கும். சர்வர் திரும்பியவுடன் அதன் கீழே ‘ஓகே’ வரும்.

இந்த உறைவைத் தவிர்க்க ‘சாஃப்ட்’ முறைக்கு மாற்றலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். மாற்றினால் உறைவு போய்விடும். ஆனால் குறித்த நேரத்துக்குப் பின் எழுத்து தோல்வி என்று பயன்பாட்டுக்குப் பிழை திரும்பும், அந்தப் பிழையை ஒழுங்காகக் கவனிக்காத மென்பொருள் பாதிக் கோப்போடு முன்னே போய்விடும். எழுதும் பகிர்வுக்குச் ‘சாஃப்ட்’ வேண்டவே வேண்டாம்.

கணினியிலிருந்து மெய்நிகர் ஐபிக்குப் பிங் போகிறதா என்று முதலில் பாருங்கள். போகவில்லை, ஆனால் ஐபி ஒரு நோடில் ஏறியிருக்கிறது என்றால், ஸ்விட்ச்சோ கணினியோ பழைய நோடின் மேக் (நெட்வொர்க் அட்டையின்) முகவரியை இன்னும் நினைவில் வைத்திருக்கலாம். ஐபி மாறும்போது, அது இனி தன் மேக் முகவரியில் இருக்கிறது என்று புதிய நோடு தானாகவே ஏஆர்பி அறிவிப்பு அனுப்பும். ஸ்விட்ச்சில் ஏஆர்பி அறிவிப்புகளைச் சோதிக்கும் ‘டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷன்’ போட்டிருந்தால் அந்த அறிவிப்பு தடுக்கப்படலாம். பிங் போகிறது, என்எஃப்எஸ் பயன்படுத்தும் டிசிபி 2049 போர்ட் திறக்கவில்லை என்றால் ஃபயர்வாலையும் என்எஃப்எஸ் சேவையையும் பார்க்க வேண்டும். நோடு மறுதொடக்கம் ஆனபின் மட்டும் இது நேர்ந்தால், ஃபயர்வால் விதி நிரந்தரமாகச் சேமிக்கப்படாமல் இருந்திருக்கும். 2049 திறந்திருந்தும் உறைவு நீடித்தால் பின்னால் வரும் ஒன்றரை நிமிடக் காத்திருப்பு பற்றிய பகுதிக்குச் செல்லவும்.

அறிகுறி: ஒரு நோடு செத்துவிட்டது, மற்றது பொறுப்பேற்காமல் நிற்கிறது

நம் ஊர்களில் இதற்கு மிகச் சாதாரணமான காரணம் மின்சாரம். நொய்யல் இணைந்துள்ள யுபிஎஸ் ஒரு ஃபேஸிலும், பவானியின் யுபிஎஸ் இன்னொரு ஃபேஸிலும் இருக்கும். ஒரு ஃபேஸ் போய், பேட்டரியும் வலுவிழந்திருந்தால் நொய்யல் முழுமையாக அணைந்துவிடும். பவானி அதைக் கண்டுபிடித்து, ஃபென்சிங் செய்ய, அதாவது நொய்யலைக் கட்டாயமாக அணைத்து உறுதி செய்துகொள்ள, அதன் ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து அணைக்கவும் இயக்கவும் உதவும் இடைமுகம்) முகவரிக்குக் கட்டளை அனுப்பும். ஐபிஎம்ஐ பேசும் பிஎம்சி சில்லும் அதே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அதுவும் அணைந்துவிட்டதால் விடை வராது. விடை வராதவரை எதிர் நோடு செத்ததா, கேபிள்தான் அறுந்ததா என்று பவானியால் பிரித்தறிய முடியாது. எனவே அது நோடை ‘அன்கிளீன்’ என்று குறித்துவிட்டு முயன்றுகொண்டே இருக்கும். கீழ்பவானி முறைத்தண்ணீரில் மேல்மடை அடைபட்டதை உறுதி செய்யாமல் கீழ்மடையைத் திறக்காதவரைப் போல, கிளஸ்டர் இங்கே சரியாகவே நடந்துகொள்கிறது.

உடனடித் தீர்வு, நேரில் போய்ப் பார்ப்பது. நொய்யலின் பின்பக்க விளக்குகள் அணைந்திருப்பதைக் கண்ணால் கண்டு, மின் கேபிளையும் உருவிவிட்டு, அதன் பிறகே பவானியில் ‘பிசிஎஸ் ஸ்டோனித் கன்ஃபர்ம்’ கட்டளையை நொய்யலின் பெயரோடு இட வேண்டும். அந்த நோடு இறந்துவிட்டது என்று நிர்வாகி தன் பொறுப்பில் தரும் வாக்குமூலம் அது. அவிநாசி ரோட்டில் போக்குவரத்தில் நின்றுகொண்டு, கைபேசி வழியே ஊகத்தில் தரக் கூடியது அல்ல.

நிலையான தீர்வுகள் பல உண்டு. சர்வரில் இரண்டு பவர் சப்ளை இருந்தால் அவற்றை இரண்டு யுபிஎஸ்களில் பிரித்துச் செருகுவது எளிது, செலவும் இல்லை. அடுத்ததாக, ஃபென்சிங்கை இரண்டு படிகளாக அமைக்கலாம்: முதல் படி ஐபிஎம்ஐ, அது தோற்றால் நெட்வொர்க்கால் இயக்கக்கூடிய பிடியு (மின் சாக்கெட் பட்டை). இரண்டு சப்ளை உள்ள நோடுக்குப் பிடியுவில் இரண்டு சாக்கெட்டுகளையும் அணைத்த பிறகே எதையும் மீண்டும் போட வேண்டும். ஒன்றை அணைத்துப் போட்டு, பிறகு மற்றதை அணைத்தால் சர்வர் ஒரு கணமும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், ஃபென்சிங் வெற்றி என்றும் பதிவாகிவிடும். மூன்றாவதாக, வாட்ச்டாக் (சர்வர் உறைந்தால் அதை மறுதொடக்கம் செய்யும் கடிகாரம்) துணையோடு இயங்கும் எஸ்பிடி என்ற ஃபென்சிங் முறை இருக்கிறது. அதில் குவோரம் (பெரும்பான்மை வாக்கு) இழந்த நோடு தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும், மற்றது குறித்த நேரம் காத்திருந்து பொறுப்பேற்கும். ஆனால் பகிர்வட்டு இல்லாத எஸ்பிடிக்கு இரண்டு வாக்குகள் போதாது. மூன்றாவது வாக்குக்கு க்யூடிவைஸ் (வெளியிலிருந்து வாக்கு மட்டும் தரும் நடுவர்) வேண்டும். அதற்கான க்யூநெட்டி சேவையைக் கோவை அலுவலகத்துச் சிறு கணினி ஒன்றிலும் ஓட்டலாம். டிசிபி 5403 திறந்திருந்தால் போதும்.

ஸ்டோனித்தை, அதாவது ஃபென்சிங்கை, முடக்கிவிட்டால் இந்த அறிகுறி உடனே மறைந்துவிடும். அப்படி முடக்கி வைத்த கிளஸ்டர்கள்தான் பின்னால் வரும் ‘ஸ்டாண்டலோன்’ பகுதிக்கு வந்து சேர்கின்றன.

அறிகுறி: மின்தடையின்போது இரு நோடுகளும் ஒன்றையொன்று அணைத்துக்கொள்கின்றன

சர்வர்கள் இரண்டும் யுபிஎஸ்ஸில் இருக்கும். நடுவில் உள்ள ஸ்விட்ச் மட்டும் சுவர் சாக்கெட்டில் இருக்கும். ஈபி போய் ஜெனரேட்டர் ஏறும் இடைவெளியில் ஸ்விட்ச் அணைகிறது, இரு நோடுகளும் உயிரோடு இருந்தும் ஒன்றையொன்று காணவில்லை. மின்சாரம் வந்து ஸ்விட்ச் எழுந்த பின்னும், ஸ்பேனிங் ட்ரீ (ஸ்விட்ச் வலையில் சுழல் உண்டாகாமல் காக்கும் நெறிமுறை) தன் வழக்கமான நிலைகளைக் கடக்க 30 விநாடி எடுத்துக்கொள்ளும். கோரோசிங்க்கின் அண்மைப் பதிப்புகளில் டோக்கன் காலம் (எதிர் நோடு போய்விட்டது என்று முடிவு செய்யும் முன் காத்திருக்கும் நேரம்) இயல்பாக 3000 மில்லி விநாடிதான். ஐபிஎம்ஐ பாதை திறந்த நொடியில் இரண்டும் ஒரே நேரத்தில் அணைப்புக் கட்டளை அனுப்ப, இரண்டும் விழுகின்றன.

ஸ்விட்ச்சை யுபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். சர்வர் போர்ட்களில், அந்த 30 விநாடிக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். இரு நோடுகளுக்கும் இடையே ஸ்விட்ச் இல்லாமல் நேரடிக் கேபிள் ஒன்று இழுத்து, அதைக் கோரோசிங்க்கின் இரண்டாவது இணைப்பாகச் சேருங்கள். இவை மூன்றும் செய்த பிறகும் பிணக்கு வரலாம் என்பதால், ஒரு நோடின் ஃபென்சிங் சாதனத்தில் ‘பிசிஎம்கே டிலே பேஸ்’ என்ற அளவுருவில் சில விநாடி தாமதம் கொடுக்க வேண்டும். தாமதம் எந்த நோடின் சாதனத்தில் இருக்கிறதோ அந்த நோடுதான் பிழைக்கும், ஏனென்றால் அதை அணைக்க வரும் கட்டளைதான் தாமதிக்கிறது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பகிர்வு வழக்கமாக ஓடாத நோடைக் காப்பாற்றி வைத்திருப்பதை அடிக்கடி காணலாம்.

அணைக்கப்பட்ட நோடு உடனே விழாமல் நிதானமாக ஷட்டவுன் ஆகிறது என்றால், பவர் பொத்தான் சமிக்ஞையைச் சிஸ்டம்டி பிடித்துக்கொள்கிறது. லாகின்டி அமைப்பில் பவர் கீயைப் புறக்கணிக்கச் சொல்ல வேண்டும்.

அறிகுறி: டிஆர்பிடி ‘ஸ்டாண்டலோன்’ என்று காட்டுகிறது, இரு நோடுகளும் பேச மறுக்கின்றன

கெர்னல் பதிவேட்டில் ‘ஸ்பிளிட் பிரெயின் டிடெக்டட்’ என்று தொடங்கும் வரி இருந்தால், ஏதோ ஒரு நேரத்தில் இரு பக்கமும் முதன்மையாக இருந்து தனித்தனியே எழுதியிருக்கின்றன. தரவு இப்போது இரண்டு பிரதிகள். ஒன்றை இழந்தே ஆக வேண்டும். எதை இழப்பது என்பதை மென்பொருள் சொல்லாது. இரவு ஷிப்ட்டின் பேக்கிங் விவரம் எந்தப் பக்கம் எழுதப்பட்டது என்று பிரிவுக்காரர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

முடிவு எடுக்கும் முன், இழக்கப்போகும் பக்கத்தின் அடிவட்டு எல்விஎம் (லினக்ஸின் வட்டு மேலாண்மை அடுக்கு) மேல் இருந்தால் அதற்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தின் நகல்) எடுத்துக்கொள்ளுங்கள். டிஆர்பிடியின் மெட்டாடேட்டா உள்வைப்பு முறையில் வட்டின் இறுதியில் இருப்பதால், அந்த ஸ்னாப்ஷாட்டைக் கோப்பு முறைமையின் வகையைக் குறிப்பிட்டு, படிக்க மட்டும் என்ற முறையில் மவுன்ட் செய்து, மற்ற பக்கத்தில் இல்லாத கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம். இந்த அரை மணி நேர வேலையைத் தவிர்க்கவே கூடாது.

அதன் பிறகு, இழக்கும் பக்கத்தில் வளத்தைச் ‘செகண்டரி’ ஆக்கி, ‘டிஸ்கார்டு மை டேட்டா’ விருப்பத்தோடு இணைக்கச் சொல்ல வேண்டும். தக்கவைக்கும் பக்கமும் ஸ்டாண்டலோனில் இருந்தால் அங்கே வெறும் ‘கனெக்ட்’ போதும். கட்டளையை எந்த நோடின் திரையில் தட்டுகிறோம் என்று ஹோஸ்ட்நேமை வாய்விட்டுப் படித்த பிறகே என்டர் அழுத்தவும். முழு வட்டும் நகராது. மாறிய பகுதிகள் மட்டுமே ஒத்திசையும்.

மீண்டும் வராமல் இருக்க, டிஆர்பிடியின் ஃபென்சிங் கொள்கையை ‘ரிசோர்ஸ் அண்ட் ஸ்டோனித்’ என்று அமைத்து, பேஸ்மேக்கருக்கான கையாளி ஸ்கிரிப்ட்களையும் சேர்க்க வேண்டும். 9ஆம் பதிப்பில் வட்டே இல்லாத மூன்றாவது நோடைச் சேர்த்துக் குவோரம் பெறும் வழியும் உண்டு. லினக்ஸ் கெர்னலோடு வருவது 8.4 வரிசை, 9ஐத் தனி மாட்யூலாக நிறுவியவர்கள், கெர்னலைப் புதுப்பித்த நோடு மட்டும் சேரவில்லை என்றால் புதிய கெர்னலுக்கு அந்த மாட்யூல் இருக்கிறதா என்று பார்க்கவும்.

அறிகுறி: பகிர்வு நோடு மாறிய பின் ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ வருகிறது

ஒரு கோப்பைத் திறந்த கணினி அதைப் பெயரால் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சர்வர் கொடுத்த அடையாள எண் ஒன்றால் வைத்துக்கொள்கிறது. அந்த எண்ணுக்குள் பகிர்வின் எஃப்எஸ்ஐடி (எந்தப் பகிர்வு என்று காட்டும் எண்) இருக்கிறது. நொய்யல் ஒரு எஃப்எஸ்ஐடியும் பவானி வேறொன்றும் கொடுத்தால் பழைய எண் செல்லாது. கிளஸ்டரின் எக்ஸ்போர்ட் வளத்தில் ஒவ்வொரு பகிர்வுக்கும் தனித்த எஃப்எஸ்ஐடி ஒன்றை வெளிப்படையாகக் கொடுத்து, அதைப் பிறகு மாற்றாமல் இருக்க வேண்டும். அதே பகிர்வு ஏதாவது ஒரு நோடின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பிலும் பழைய வரியாக ஒளிந்திருந்தால் அதை நீக்குங்கள். அதோடு, என்எஃப்எஸ் சேவை இயந்திரம் எழும்போது தானாகத் தொடங்குமாறு இருக்கக் கூடாது. தொடங்குவதும் நிறுத்துவதும் பேஸ்மேக்கரின் வேலை மட்டுமே.

எஃப்எஸ்ஐடி சரியாக இருந்தும் இப்பிழை வந்தால் வரிசையைச் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்போர்ட் தயாராகும் முன்னே ஐபி ஏறிவிட்டால், காத்திருந்த கணினிகள் அந்த ஒரு விநாடிக்குள் கேட்டு, அப்படி ஒரு பகிர்வே இல்லை என்ற விடையைப் பெற்றுவிடும். கோப்பு முறைமை மவுன்ட் ஆகாமல் வெற்று அடைவு எக்ஸ்போர்ட் ஆவது இதைவிடக் கெட்டது. கணினிகள் ரூட் வட்டின்மேல் எழுதத் தொடங்கிவிடலாம். எக்ஸ்போர்ட் விருப்பங்களில் ‘மவுன்ட்பாயின்ட்’ என்று சேர்த்தால், அங்கே உண்மையில் ஏதேனும் மவுன்ட் ஆகியிருந்தால் ஒழியப் பகிர்வு வெளியே போகாது.

அறிகுறி: மாற்றம் முடிந்தும் ஒன்றரை நிமிடம் யாராலும் கோப்பு திறக்க முடியவில்லை

இது கோளாறு அன்று. என்எஃப்எஸ் 4இல் புதிதாகப் பொறுப்பேற்ற சர்வர், முன்பு பூட்டு வைத்திருந்த கணினிகள் தம் பூட்டுகளை மீட்டுக்கொள்ள அவகாசம் தருகிறது. அதுவரை புதிய திறப்புகளையும் பூட்டுகளையும் நிறுத்தி வைக்கிறது. லினக்ஸில் அந்த அவகாசம் இயல்பாக 90 விநாடி. இரு நோடுகளின் என்எஃப்எஸ் அமைப்புக் கோப்பிலும் லீஸ் காலம் (கணினி தன் பூட்டைப் புதுப்பிக்க வேண்டிய கெடு), கிரேஸ் காலம் (மேலே சொன்ன அவகாசம்) இரண்டையும் சேர்த்துக் குறைக்கலாம். கிரேஸ் லீஸைவிடக் குறையக் கூடாது. நெட்வொர்க் தடுமாறும் தளங்களில் 10, 15 என்று இறக்கினால் சிறு தடங்கலிலேயே கணினிகள் பூட்டை இழக்கும்.

அவகாசம் முடிந்தும் பூட்டுகள் மீளவில்லை என்றால், கணினிகளின் பட்டியல் இருக்கும் வார் லிப் என்எஃப்எஸ் அடைவு பகிர்ந்த வட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அது அந்தந்த நோடின் உள்வட்டிலேயே இருந்தால், புதிய சர்வருக்கு யார் பழைய வாடிக்கையாளர் என்றே தெரியாது. என்எஃப்எஸ் சர்வர் வளத்தில் ‘ஷேர்டு இன்ஃபோடிர்’ அளவுருவைக் கொடுத்தால் இது தீரும்.

அறிகுறி: பவானிக்குப் போனது சரி, உடனே நொய்யலுக்குத் திரும்பினால் சில கணினிகள் மட்டும் உறைகின்றன

சோதனை நாளில் மட்டும் தோன்றி எல்லோரையும் குழப்பும் அறிகுறி இது. நொய்யல் மறுதொடக்கம் ஆகாமல் வெறும் இடமாற்றம் நடந்தபோது, அதனிடம் பழைய டிசிபி இணைப்பின் நினைவு இன்னும் இருக்கிறது. கணினியோ இடையில் பவானியோடு புதிய இணைப்பில் முன்னேறிவிட்டது. இரு தரப்பின் வரிசை எண்களும் ஒத்துப்போகாமல் இணைப்பு இழுபறியில் நிற்கும். இதற்கென்றே ‘போர்ட்பிளாக்’ வளம் இருக்கிறது. குழுவின் தொடக்கத்தில் ஒன்று 2049ஐ அடைக்கும், ஐபிக்குப் பின்னால் இன்னொன்று அதைத் திறந்து, பகிர்ந்த வட்டில் குறித்து வைத்த இணைப்புகளுக்கு ஒரு ‘டிக்கிள்’ பொட்டலம் அனுப்பிக் கணினிகளைப் புதிதாக இணையச் செய்யும்.

அறிகுறி: இடமாற்றம் கேட்டால் நோடே அணைக்கப்படுகிறது

அன்மவுன்ட் செய்ய முடியாமல் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்று நின்றிருக்கும். நிறுத்தல் தோற்றால் ஃபென்சிங் செய்வது பேஸ்மேக்கரின் இயல்பு. யாரோ எஸ்எஸ்எச்சில் அந்த அடைவுக்குள் நின்றுகொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார், அல்லது பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும். ‘ஃப்யூசர்’ கட்டளை அந்த ஆளைக் காட்டும். கிளஸ்டர் நோடே தன் மெய்நிகர் ஐபியிலிருந்து பகிர்வை மவுன்ட் செய்துகொள்வது இன்னொரு காரணம். அதைச் செய்யவே கூடாது.

அறிகுறி: வளம் ஒரு நோடுக்கு மட்டும் போக மறுக்கிறது

‘பிசிஎஸ் கன்ஸ்ட்ரெய்ன்ட்’ பட்டியலைப் பாருங்கள். முன்பு கையால் நகர்த்தியபோது எழுந்த ‘சிஎல்ஐ பேன்’ விதி அப்படியே இருக்கும். ‘ரிசோர்ஸ் கிளியர்’ அதை நீக்கும். டிஆர்பிடியின் ஃபென்சிங் கையாளி போட்ட விதி என்றால் அதைக் கையால் நீக்காதீர்கள், ஒத்திசைவு முடிந்ததும் தானே போக வேண்டியது அது. விதி எதுவும் இல்லை என்றால் தோல்வி எண்ணிக்கையைப் பார்த்து, காரணத்தைச் சரிசெய்த பின் ‘கிளீனப்’ இடவும்.

அறிகுறி: பவானியில் மட்டும் கோப்புகளின் உரிமையாளர் மாறித் தெரிகிறார்

பயனர் கணக்குகளை இரு நோடுகளிலும் தனித்தனியே உருவாக்கி, எண்கள் வேறுபட்டிருக்கின்றன. எல்லாப் பெயர்களும் ‘நோபடி’ என்று வந்தால் ஐடிமேப்டி (பயனர் பெயரையும் எண்ணையும் பொருத்தும் சேவை) கோப்பில் டொமைன் பெயர் ஒத்திருக்கிறதா என்று பார்க்கவும்.

அறிகுறி: எந்தப் பழுதும் இல்லாமல் இரவில் மட்டும் நோடு மாறுகிறது

நோடுகள் மெய்நிகர் இயந்திரங்களாக இருந்தால், மாறிய நேரத்தையும் பேக்கப் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது இயந்திரம் சில விநாடி உறைகிறது. டோக்கன் காலத்தை அது தாண்டினால் மற்ற நோடுக்கு அது மரணமாகவே தெரியும். டோக்கனை 10,000 மில்லி விநாடிக்கு உயர்த்தலாம், ஆனால் உண்மையான மரணத்தைக் கண்டுபிடிப்பதும் அதே அளவு தள்ளிப்போகும். நினைவகத்தைச் சேர்க்காத ஸ்னாப்ஷாட்டுக்கு மாறுவதும், பேக்கப்பைக் காத்திருக்கும் நோடின் எல்விஎம் ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுப்பதும் இதைவிட நல்ல வழிகள். இரண்டாவது வழியில் ஸ்னாப்ஷாட்டுக்கான இடம் நிரம்பினால் அந்த ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும் என்பதால், வால்யூம் குரூப்பில் போதிய காலியிடம் விட்டு, பேக்கப் முடிந்தவுடன் அதை நீக்கும் வரியையும் ஸ்கிரிப்ட்டிலேயே எழுதிவிட வேண்டும்.